மூளைக்குப் பாயும் குருதியும் அதனை அளக்கும் ஒலியும்

(கல்விக் கழக வெள்ளிவிழாவையொட்டி ரிஷிவந்தியத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கழகம் கடந்து வந்த இருபத்தைந்து ஆண்டுகளைப் பற்றி நமக்கு முன்னர்ப் பேசியவர்கள் விரிவாகவே எடுத்துரைத்தனர். நமக்கு இடப்பட்ட பணி அறிவியல் பேசுவது. விழா மேடையில் மருத்துவக் கருவியைப் பற்றிப் பேசினால் யார் கேட்பார் என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேட்பார்கள் என்பதே நம் எண்ணம். ஏனெனில், நாம் பேசப்போகும் பொருள் இங்கு அமர்ந்திருக்கும் எந்தக் குடும்பத்திற்கும் அயலானது அன்று.

பச்சிளங்குழந்தையின் தலையில் மெத்தென்றிருக்கும் உச்சிக்குழியை நம் தாய்மார்கள் நன்கறிவர். பேதி கண்ட குழந்தையை மடியில் கிடத்தி, முதலில் அந்த இடத்தைத்தான் பாட்டிமார் தடவிப் பார்ப்பர். குழி ஆழ்ந்திருந்தால் உடலில் நீர் வற்றிவிட்டது என்று பொருள். அது மூடநம்பிக்கை அன்று. இன்றைய மருத்துவ நூல்களும் அதனையே சொல்கின்றன. அவ்விடத்தில் மெல்ல விரல் வைத்தால் ஒரு துடிப்புத் தெரியும். இதயம் அனுப்பும் குருதி மூளைக்குட் பாயுந்தோறும் எழும் துடிப்பு அது. ஏறத்தாழ ஒன்றரை வயதுக்குள் எலும்பு கூடி அந்தச் சாளரம் அடைபட்டுப் போகும். பின்னர் வாழ்நாள் முழுவதும் நம் மூளைக்குள் குருதி எப்படி ஓடுகிறது என்பது மூடிய பெட்டிக்குள் நடக்கும் செயலாகிவிடுகிறது. அப்பெட்டியைத் திறவாமலே உள்ளே ஓடும் ஓட்டத்தை அளப்பது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சு.

மனித மூளையின் எடை ஏறத்தாழ 1,400 கிராம். உடலின் எடையில் அது நூற்றில் இரண்டு பங்கே. ஆயினும் இதயம் வெளியேற்றும் குருதியில் நூற்றுக்குப் பதினைந்து பங்கையும், நாம் உட்கொள்ளும் உயிர்வளியில் நூற்றுக்கு இருபது பங்கையும் அது பெற்றுக்கொள்கிறது. ஒரு நிமிடத்தில் முக்கால் லிட்டர் குருதி மூளைக்குச் சென்று மீள்கிறது. 100 கிராம் மூளைக்கு நிமிடத்திற்கு 50 மில்லிலிட்டர் என்பது சராசரிக் கணக்கு. இந்த அளவு 20க்குக் கீழே இறங்கினால் நரம்பணுக்கள் வேலையை நிறுத்திவிடும், ஆயினும் இறந்துவிடா. ஏறத்தாழ 10க்கும் கீழே போனால் இறக்கத் தொடங்கும். இவ்விரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட நிலையைத்தான் இளைஞர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். செயலற்றுக் கிடந்தும் உயிர் போகாத பகுதி அது. மருத்துவம் காப்பாற்றக்கூடியது அப்பகுதியையே.

வயலில் நின்று பழகிய நமக்கு இதனை விளக்க நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. ஏரி நிறைந்திருக்கலாம், மதகும் திறந்திருக்கலாம், கடைமடை வயலுக்கு நீர் எட்டியதா என்பதே கேள்வி. வாய்க்காலில் ஓரிடத்தில் அடைப்பு விழுந்தால் தலைமடைக்காரனுக்கு ஒன்றும் தெரியாது. கடைமடைப் பயிர்தான் முதலில் வாடும். வாடிய பயிர் வேறு, பட்டுப்போன பயிர் வேறு. வாடிய பயிருக்கு உரிய நேரத்தில் நீர் கிடைத்தால் நிமிர்ந்துவிடும். மூளையிலும் இரு பெருங்குழாய்களின் பாசனம் சென்று முடியும் எல்லைப்புறங்கள் உண்டு. குருதி அழுத்தம் பெரிதும் வீழ்ந்தால் அக்கடைமடைப் பகுதிகளே முதலிற் கேடுறுகின்றன. நம் முன்னோரிற் பலர் ஏன் கடைமடையிலேயே நிலம் பெற்றனர், அல்லது அதுவும் பெறவில்லை என்பது வேறொரு சொற்பொழிவுக்கு உரியது.

வாய்க்காலில் அடைப்பு விழுவதைத்தான் நாம் பக்கவாதம் என்கிறோம். சிலர்க்குக் குழாய் வெடித்துக் குருதி கசிவதாலும் அது வரும். வாய் கோணுதல், ஒரு கை தொங்கிப் போதல், பேச்சுக் குழறுதல் என்னும் குறிகள் இரண்டிற்கும் பொது. ஒரு பெருங்குழாய் அடைபட்டால் நிமிடந்தோறும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006இல் ஓர் அமெரிக்க மருத்துவர் கணக்கிட்டார். கட்டியைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்திற்குள் ஊசி வழி செலுத்தவேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்து, கசிவு இல்லை என்று உறுதி செய்தாகவேண்டும். கசிவு உள்ளவர்க்கு அம்மருந்தைக் கொடுத்தால் உயிருக்கே கேடு. இந்த நான்கரை மணியைத்தான் நம் ஊர்களில் புறாவின் குருதியைத் தேய்ப்பதிலும், எண்ணெய் பூசுவதிலும், காற்றுக் கருப்பு என்று கோயில் வாயிலிற் கிடத்துவதிலும் கரைத்துவிடுகிறோம். கடுமையாகச் சொல்வதற்கு மன்னிக்கவேண்டும். புறாக் குருதியால் எழுந்து நடந்தவர் என்று சொல்லப்படுபவர்கள் இயல்பாகவே அடைப்பு நீங்கப் பெற்றவர்கள். எழாமற் போனவர்களின் கணக்கை யாரும் வைத்துக்கொள்வதில்லை.

இனி அளவையின் வரலாறு. மூளையின் குருதியோட்டத்தை மனிதரிடத்து முதன்முதலிற் செம்மையாக அளந்தவர்கள் சீமூர் கெட்டி, கார்ல் ஷ்மித் என்னும் அமெரிக்கர் இருவர். ஆண்டு 1945. சிறிதளவு நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைச் சுவாசிக்கச் செய்து, தமனியிலிருந்தும் கழுத்துச் சிரையிலிருந்தும் குருதி எடுத்து, மூளை எவ்வளவு வாயுவை எவ்வளவு விரைவில் உள்வாங்கியது என்று கணக்கிட்டனர். 100 கிராமுக்கு 50 மில்லிலிட்டர் என்று நாம் மேலே சொன்ன எண்ணின் மூலம் இவ்வாய்வே. ஆயின் அது மூளை முழுவதற்குமான சராசரியைத்தான் தந்தது. கடைமடைச் செய்தி அதில் இல்லை.

ஒலியைக் கொண்டு மூளையைக் காணலாம் என்று துணிந்தவர் ஆஸ்திரிய நாட்டு மருத்துவர் கார்ல் டூசிக். மனிதக் காதுக்கு எட்டாத மீயொலியைத் தலையின் ஒரு பக்கம் செலுத்தி, மறுபக்கம் பெற்றுப் படம் எடுத்ததாக 1942இல் வெளியிட்டார். உலகம் வியந்தது. ஏறத்தாழப் பத்தாண்டு கழித்துத்தான் ஓர் உண்மை வெளிப்பட்டது. அவர் படத்திற் கண்டது மூளையின் அறைகளை அன்று, மண்டையோட்டின் தடிப்பு வேறுபாடுகளையே! எலும்பு ஒலியை விழுங்குகிறது, சிதறடிக்கிறது. வயிற்றில் வளரும் கருவை எளிதிற் காட்டும் அதே கருவி தலையில் தோற்றுப்போவது இதனாலேதான்.

நார்வே நாட்டவர் ரூன் ஆஸ்லிட் 1982இல் ஒரு வழி கண்டார். காதுக்கு முன்புறம் நெற்றிப் பொட்டருகே எலும்பு மிக மெல்லியது. அங்கே தாழ்ந்த அதிர்வெண் கொண்ட மீயொலியைச் செலுத்தினால் உள்ளே எட்டுகிறது. ஓடும் குருதியணுக்களின் மேற் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாறுபடும். வண்டி நம்மை நோக்கி வரும்போது ஊதுகுழல் கீச்சென்றும், கடந்தபின் தடித்தும் கேட்கிறதன்றோ, அதே விதி. 1842இல் கிறிஸ்தியன் டாப்ளர் சொன்ன விதி அது. திரும்பும் ஒலியின் மாற்றம் நம் காதுக்கே கேட்கக்கூடிய அளவில் அமைவதால், மருத்துவர் குருதியோட்டத்தைக் காதாலும் கேட்கிறார். நலமுள்ள வளர்ந்தவர் ஒருவரின் நடுமூளைத் தமனியில் குருதி நொடிக்கு 55 முதல் 60 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும்.

ஆனால் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேர்க்கு அந்தப் பொட்டெலும்பும் தடித்திருக்கும், ஒலி புகாது. மேலும், கருவி காட்டுவது பெரிய குழாய்களின் வேகத்தை மட்டுமே. பெருவாய்க்காலில் நீர் எத்துணை வேகமாக ஓடுகிறது என்று தெரிந்தால் வயல்களில் எவ்வளவு பாய்ந்தது என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. இந்த இடத்திற்றான் நுண்குமிழி வருகிறது.

1968இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் ரேமண்ட் கிராமியாக், பிரவீண் ஷா என்னும் மருத்துவர் இருவர், இதயத்தை மீயொலியால் ஆராய்கையில் ஒரு சாயத்தை ஊசியால் ஏற்றினர். உடனே திரையில் மேகம் போன்ற எதிரொலி எழுந்தது. காரணம் சாயம் அன்று. ஏற்றும்போது உண்டான சிறு குமிழிகள். நீர்மத்திற்கும் வாயுவுக்கும் உள்ள வேறுபாடு ஒலியை மிக வன்மையாகத் திருப்பி அனுப்புகிறது. அந்தக் குமிழிகள் நொடியில் உடைந்து போயின. உடையாத குமிழியைச் செய்வதற்கு மேலும் கால் நூற்றாண்டு பிடித்தது. இன்று வழக்கிலுள்ள குமிழியொன்றின் உள்ளே இருப்பது சல்பர் ஹெக்சாபுளோரைடு என்னும் வாயு. அதனைச் சுற்றிக் கொழுப்பால் ஆகிய மெல்லிய தோல். சராசரி விட்டம் ஏறத்தாழ இரண்டரை மைக்ரான். சிவப்பணுவின் விட்டம் ஏழு முதல் எட்டு மைக்ரான். ஆகவே சிவப்பணு நுழையும் எந்தச் சந்துக்குள்ளும் குமிழியும் நுழைந்து வெளிவரும்.

இங்கே ஒரு தாய் எழுந்து கேட்கலாம்: ஊசியில் காற்று ஏறினால் உயிர் போய்விடும் என்கிறார்களே, இவர்கள் வேண்டுமென்றே குமிழியை ஏற்றுவதா? நல்ல கேள்வி. உயிரைப் பறிப்பது குழாயை அடைக்கும் பெருங்குமிழி. இந்நுண்குமிழிகள் எதையும் அடைப்பதில்லை. ஒருமுறை ஏற்றும் மருந்து சில மில்லிலிட்டர். அதிலுள்ள வாயுவோ அதனினும் மிகச் சிறிது. கால் மணி நேரத்திற்குள் அது நுரையீரல் வழியே மூச்சோடு வெளியேறிவிடும். சி.டி. ஸ்கேனுக்கு ஏற்றும் அயோடின் மருந்தைப்போல் சிறுநீரகத்திற்குச் சுமை தருவதும் இல்லை. எனினும் மிக அரிதாகச் சிலர்க்கு ஒவ்வாமை கடுமையாக வரலாம். எனவே மருத்துவர் அருகிலிருந்தே செய்யவேண்டும்.

சிறு பிள்ளைகளாக இருந்தபோது வாய்க்காலில் இலையை மிதக்கவிட்டு அதனோடு ஓடியவர்கள்தாம் நாம். குமிழிமுறையும் ஏறத்தாழ அதுவே. ஆயின் அதனைக் கணக்காக்கிய உத்தி வியக்கத்தக்கது. 1998இல் கெவின் வெய், ஜெயவீரா, சஞ்சீவ் கௌல் ஆகியோரடங்கிய குழு இதயத் தசையில் இதனைச் செய்து காட்டியது. குமிழி கலந்த குருதி சீராக ஓடிக்கொண்டிருக்கும்போது, வலுவான ஓர் ஒலித்துடிப்பை அனுப்பி, ஓரிடத்திலுள்ள குமிழிகளையெல்லாம் ஒரே நொடியில் உடைத்துவிடுவர். அவ்விடம் திரையில் இருளும். பின்னர்ப் புதுக்குருதி புதுக்குமிழிகளோடு வந்து நிறைய, மீண்டும் ஒளிரும். முழுதும் நிறைந்தபின் எவ்வளவு ஒளி என்பது அவ்விடத்திலுள்ள குருதியின் கொள்ளளவைக் காட்டும். எவ்வளவு விரைவில் நிறைகிறது என்பது வேகத்தைக் காட்டும். இரண்டையும் பெருக்கினால் ஓட்டம். பாத்தியை வற்றவிட்டு மீண்டும் நிறையும் நேரத்தை எண்ணுவது போல.

ஜெர்மானிய மருத்துவர்கள் 1990களின் இறுதியிலிருந்து இம்முறையைப் பொட்டெலும்பு வழியே மூளைக்குப் பயன்படுத்தினர். பக்கவாதம் வந்தவரின் படுக்கையருகிலேயே, குருதி குன்றிய பகுதியைக் காண முடிந்தது. ஆயினும் உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். எலும்பு ஒலியைக் குறைப்பதாலும், ஆழத்திற்கேற்ப அக்குறைவு மாறுவதாலும், 100 கிராமுக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று துல்லியமாகச் சொல்ல இம்முறையால் இன்னும் இயலவில்லை. வலப்புறத்தையும் இடப்புறத்தையும் ஒப்பிட்டுச் சொல்லலாம், அவ்வளவே. குருதிக் கசிவா அடைப்பா என்று பிரித்தறிய சி.டி.க்கு மாற்றாகவும் இது ஆகாது. கல்லீரற் கட்டிகளை ஆராயக் குமிழிமுறை உலகெங்கும் வழக்கத்திற்கு வந்துவிட்டது. மூளையளவில் அது இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது. 2021இல் பாரிஸ் நகரத்து மிக்கேல் தாந்தெர் குழுவினரும் ஜெனீவா மருத்துவர்களும் ஒவ்வொரு குமிழியின் பாதையையும் தனித்தனியே தொடர்ந்து, வளர்ந்த மனிதரின் மூளைக் குழாய்களை 25 மைக்ரான் நுட்பத்திற்குப் படமெடுத்தனர். டூசிக் உயிரோடு இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

விலையுயர்ந்த குமிழி வேண்டாத ஒரு சோதனையும் உண்டு. உப்புநீரையும் சிறிது காற்றையும் இரு ஊசிக்குழல்களுக்கிடையே முன்னும் பின்னும் தள்ளிக் கலக்கினால் குமிழி உண்டாகும். அக்குமிழி பெரியது, நுரையீரலைக் கடக்காது. கையில் ஏற்றிய அது சில நொடிகளில் மூளைத் தமனியில் ஒலித்தால், இதயத்தின் வல இட அறைகளுக்கிடையே ஒரு திறப்பு உள்ளது என்று அறியலாம். கருவில் எல்லார்க்கும் உள்ள அத்திறப்பு, நால்வரில் ஒருவர்க்கு முழுதும் மூடுவதில்லை. பெரும்பாலோர்க்கு அதனால் தீங்கில்லை. இளவயதிலேயே காரணம் தெரியாமல் பக்கவாதம் வந்தவரிடத்துத்தான் இதனைத் தேடுவர்.

அளவை எங்ஙனம் ஓர் உயிரைக் காக்கும் முடிவாகிறது என்பதற்கு ஒரு சான்று. அரிவாளணுச் சோகை என்னும் பிறவிக் குருதிநோய் இந்தியாவில் முதலில் அறியப்பட்டது நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடத்தே, 1952இல். மராட்டியத்து விதர்ப்பப் பகுதியில் நம் போன்ற ஒடுக்கப்பட்ட மக்களிடத்தும் அது மிகுதி. இந்நோயுள்ள குழந்தைகளுக்குப் பக்கவாதமும் வரும். மூளைத் தமனியில் குருதி வேகம் நொடிக்கு 200 சென்டிமீட்டரை எட்டிய குழந்தைகளுக்குத் தொடர்ந்து குருதி ஏற்றிவந்தால் பக்கவாதம் பத்தில் ஒன்பது பங்கு குறைகிறது என்று 1998இல் அமெரிக்க ஆய்வு நிறுவியது. குழாய் குறுகிய இடத்தில் நீர் விரைவது போல, வேகம் மிகுவது குறுகலின் அறிகுறி. ஒரு குழந்தையின் நெற்றிப் பொட்டில் சில நிமிடம் கருவியை வைப்பதால் இது தெரிகிறது. 2023 ஜூலையில் இந்திய அரசு இந்நோய் ஒழிப்புக்கென ஓர் இயக்கம் தொடங்கியது. அவ்வியக்கம் கணக்கெடுப்போடு நில்லாமல் இந்த அளவைக்கும் வரவேண்டும் என்பது நம் விருப்பம்.

இனி மீண்டும் உச்சிக்குழிக்கு வருவோம். நாம் நெடுநேரம் நிற்க விரும்பும் இடம் இது. பிறந்தவுடன் அழாத குழந்தை என்று நம் வீடுகளிற் சொல்வார்கள். பேற்றின்போது மூளைக்குக் குருதியும் உயிர்வளியும் போதாமற் போன குழந்தை அது. பிழைத்தாலும் நடக்கவும் பேசவும் தாமதமாகும் பிள்ளைகள் பலர். மேலைநாடுகளில் இத்தகைய குழந்தையின் உடல் வெப்பத்தை 33.5 பாகைக்குக் குறைத்து மூன்று நாள் வைத்திருந்தால் மூளை காக்கப்படுகிறது என்று ஆய்வுகள் காட்டின. அதனை அப்படியே இங்குக் கொண்டுவரலாமா? இந்தியா, இலங்கை, வங்காள தேசம் ஆகிய நாடுகளில் சென்னை மருத்துவக் கல்லூரி உட்பட ஏழு மருத்துவமனைகளில் 2015 முதல் 2019 வரை 408 குழந்தைகளிடத்து ஆராய்ந்தனர். 2021இல் முடிவு வந்தது. குளிரூட்டப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 42 பேர் இறந்தனர். குளிரூட்டப்படாதவர்களில் 31 பேர். காப்பாற்றும் என்று எண்ணியது கேடாயிற்று. கேடு பேற்றின்போது மட்டும் நேர்ந்ததன்று, தாயின் வயிற்றிலேயே நெடுநேரம் நடந்திருக்கலாம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர்.

இச்செய்தியை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். ஒரு நாட்டுக் குழந்தைக்கு மருந்தாவது வேறொரு நாட்டு ஏழைத்தாயின் குழந்தைக்கு நஞ்சாகலாம். யாருடைய மூளையை அளந்து அறிவியல் விதி எழுதப்படுகிறது என்பது வெறுங்கேள்வி அன்று. நம் குழந்தைகளை அளந்திராவிட்டால், அயல்நாட்டு எண்ணை நம்பி அக்குளிரூட்டல் நம் மருத்துவமனைகளெங்கும் பரவியிருக்கும்.

இங்கேதான் குமிழிமுறை ஒரு வழி காட்டுகிறது. குழந்தையின் உச்சிக்குழி திறந்திருப்பதால் எலும்புத் தடை இல்லை. டூசிக்கை ஏமாற்றிய சுவர் இங்குக் கிடையாது. அமெரிக்காவின் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் அண்மை ஆண்டுகளாக இதனைச் செய்துவருகின்றனர். மூளையின் நடுவேயுள்ள சாம்பல்நிறக் கணுக்களில் எவ்வளவு குருதி, மேற்பரப்பில் எவ்வளவு என்று விகிதம் கண்டு, கேடுற்ற குழந்தையில் அவ்விகிதம் மாறுபடுவதைப் பதிவு செய்துள்ளனர். எம்.ஆர்.ஐ. அறைக்குக் குழந்தையைத் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை, கதிர்வீச்சும் இல்லை, தொட்டிலருகிலேயே, தாய் பார்த்திருக்க, மீண்டும் மீண்டும் அளக்கலாம். சிசுக்களின் மூளைக்கு இம்முறை இன்னும் எங்கும் வழக்கமான மருத்துவம் ஆகிவிடவில்லை. ஆயின் நம் நாட்டிற்கு இதனினும் பொருத்தமான கருவியை எண்ணிப்பார்க்க நம்மால் இயலவில்லை.

கருவி எளிதாயின் ஊர்தோறும் எடுத்துச் செல்லலாமே என்பர் சிலர். அதற்குச் சட்டம் உண்டு. பெண்கருவைக் கண்டறிந்து அழித்த கொடுமையால் 1994இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, ஒவ்வொரு மீயொலிக் கருவியும் பதிவு செய்யப்பட்ட இடத்தில், தகுதியுடையவர் கையிலேதான் இருக்கவேண்டும். நினைத்தபடி தூக்கிச் செல்ல முடியாது. சேலத்திலும் உசிலம்பட்டியிலும் நடந்தவற்றை அறிந்த எவரும் அச்சட்டத்தைக் குறைகூற மாட்டார். மூளையை அளக்க வரும் கருவியும் அக்காவலுக்கு உட்பட்டே வரட்டும்.

இளைஞர்களே! நம் பகுதிக்கு அரசு மருத்துவக் கல்லூரி கள்ளக்குறிச்சியில் 2022 ஜனவரி 12இல் திறக்கப்பட்டது. அதற்குமுன் முண்டியம்பாக்கத்திற்கோ புதுவைக்கோ சேலத்திற்கோ ஓடவேண்டியிருந்தது. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் நூற்றுக்கு ஏழரை இடம் 2020 முதல் ஒதுக்கப்பட்டுள்ளது. மருத்துவராவது ஒன்றே வழி என்று நாம் சொல்ல வரவில்லை. இன்று பேசிய செய்திகளில் மருத்துவர்க்கு இணையாக இயற்பியலாரும், மின்னணுப் பொறியாளரும், கணக்கறிந்தவரும், குமிழி செய்த வேதியியலாரும் வந்தனர். சென்னை ஐ.ஐ.டி.யில் கருவுற்ற காலத்து மனித மூளையை 5,132 துண்டங்களாகப் படமெடுத்து 2024 டிசம்பரில் வெளியிட்டனர். அதிலும் எல்லா வகைக் கைகளும் உழைத்தன. அது நிலத்தின் வரைபடம். அந்நிலத்தில் நீர் எப்படிப் பாய்கிறது என்னும் கணக்கு இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது.

வீட்டிலிருக்கும் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். யாருக்கேனும் வாய் கோணினால் 108ஐ அழையுங்கள். அழைத்தபின், அவர் கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் முதலிற் கேட்கப்படுவது அதுவே. தூங்கி எழும்போதே கோணியிருந்தால், படுக்கச் சென்ற நேரத்தை எழுதுங்கள்.

மேல்நிலை வகுப்பு மாணவர்க்காகக் கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதியுள்ளோம். உடலில் ஒலி நொடிக்கு 1,540 மீட்டர் செல்லும். 20 இலட்சம் அதிர்வுள்ள மீயொலி, நொடிக்கு 60 சென்டிமீட்டர் வேகத்தில் நேரே வரும் குருதியிற் பட்டால், இருமடங்கு வேகத்தை ஒலியின் வேகத்தால் வகுத்து அதிர்வெண்ணாற் பெருக்க, மாற்றம் ஏறத்தாழ 1,560 அதிர்வு. காதுக்கு நன்கு கேட்கும் ஒலி. வேகம் 200 சென்டிமீட்டரானால் எத்தனை அதிர்வு, அப்போது ஒலி கீச்சென்று கேட்குமா தடித்துக் கேட்குமா என்று கணக்கிட்டுச் சொல்பவர்கள், விழா முடிந்தபின் நூலக அறைக்கு வரலாம். அங்கேதான் இருப்போம்.